முப்பதாவது கல்

"அவ என்னை ஏமாத்திட்டா, மாஸ்டர்."

"யாரு?"

"ரெஜினா."

அருளப்பன் சுடர்க்கொடியை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அவளைவிட இரண்டு வயதுதான் அதிகம். முழங்கால் போனபின் ஓட்டம் சொல்லித்தர வந்தவர். இரண்டு பெண்களுமே அவரிடம் ஓடப் பழகியவர்கள்.

ஆண்டுதோறும் நடக்கும் கடலோர மாரத்தானில் ஒன்பது ஆண்டுகளாகச் சுடர்க்கொடியை யாரும் வென்றதில்லை.

அந்த ஒன்பது ஆண்டுகளும் அவளுக்கு முன்னால் ஓடியவள் ரெஜினா. எதிர்காற்றைத் தன் மார்பில் வாங்கிக்கொண்டு, வேகம் தளராமல் ஓடித் தருவது அவள் வேலை. பேஸர் என்பார்கள். முப்பதாவது கிலோமீட்டரில் சாலையைவிட்டு ஒதுங்கிவிடுவாள். மீதிப் பன்னிரண்டும் சுடர்க்கொடிக்கு.

இந்த ஆண்டு ரெஜினா ஒதுங்கவில்லை.

"முப்பதுல போயிருவான்னு நெனச்சேன். முப்பத்திரண்டுல போயிருவான்னு நெனச்சேன். அவ முதுகையே பாத்துட்டு ஓடினேன்."

"முந்தியிருக்கலாமே."

"வேற யாராவதா இருந்தா முந்தியிருப்பேன். அவ ரெஜினாதானேன்னு இருந்துட்டேன். நாப்பதுல முந்தப் பாத்தேன். கால் வரல."

"எவ்வளவுல போச்சு?"

"பத்தொன்பது விநாடி."

அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். அமைப்பாளர்களுக்கு எழுதிய புகார். பயிற்சியாளர் கையெழுத்து இருந்தால் போதும், ரெஜினாவின் வெற்றி ரத்தாகும். அவளுக்கு இருந்தது அந்த ஒரு வெற்றிதான்.

"இது உங்களுக்கே நியாயமாப் படுதா, மாஸ்டர்? விலகுறேன்னு எழுதிக் கொடுத்தவ."

"எழுதிக் கொடுத்திருக்கா. சரிதான்."

"அப்போ போடுங்க."

"போடறேன். நாளைக்குக் காலையில அதே ரோட்டுல ஓடு. முப்பதாவது கல்லுல வச்சுப் போடறேன்."

"பந்தயம் முடிஞ்சு பத்து நாள்தான் ஆச்சு."

"மெதுவா ஓடு. யாரும் துரத்தல."

அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அவள் ஓடினாள். அவர் மொபெட்டில் பின்னால் வந்தார். இருபதுவரை உடம்பு முனகியது. பிறகு மூச்சு தன் இடத்துக்கு வந்தது. இருபத்தெட்டில் கால்கள் தரையை மறந்திருந்தன.

உப்பளங்களின் ஓரத்தில் இருந்தது முப்பதாவது கல்.

"நில்லு," என்றார்.

"நல்லா ஓடிக்கிட்டிருக்கேன், மாஸ்டர்."

"தெரியுது. ஒதுங்கு."

ஒதுங்கினாள். நின்ற பிறகும் தொடைகள் ஓடிக்கொண்டிருந்தன.

"உக்காரு."

கல்லின்மேல் உட்கார்ந்தாள். வியர்வை காற்றில் சட்டென்று குளிர்ந்தது.

"இங்க ஒதுங்கின பிறகு அவ என்ன செய்வா?"

"தெரியாது."

"ஒன்பது வருஷத்துல ஒருதடவைகூடப் பாத்ததில்லையா?"

"ஓடும்போது திரும்பிப் பாக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஆமா," என்றார் அருளப்பன். "நான்தான் சொன்னேன்."

அவர் குரல் இறங்கியிருந்தது.

உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண் வரப்பேறி வந்தாள்.

"ஏம்மா, ஓட்டக்காரவுகளா? வருஷா வருஷம் இந்தக் கல்லுல ஒரு புள்ள வந்து உக்காரும். இந்த வருஷம் காணோமே. சொகமா இருக்கா?"

"இருக்கா," என்றார் அருளப்பன்.

"கால் வலியாம்மான்னு கேப்பேன். இல்லன்னு தலையாட்டும். பெறவு ஏன் நின்னுட்டேன்னா, 'எனக்கு இம்புட்டுதான்க்கா'ன்னு சொல்லும்."

சுடர்க்கொடி கேட்டாள்: "அழுவாளா?"

"அழாது. நீ போன ரோட்டையே பாத்துக்கிட்டிருக்கும். வண்டி வந்து கூட்டிட்டுப் போறதுக்குப் பதினோரு மணி ஆயிரும். அதுவரைக்கும் சூ கயித்தை அவுக்கவே அவுக்காது."

"நான் போன ரோட்டையா? என்னை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. நீதானே நிக்காமப் போறவ."

அந்தப் பெண் இறங்கிப் போனாள். உப்பைக் குவிக்கும் சத்தம் மறுபடி கேட்டது.

அருளப்பன் காகிதத்தை மொபெட்டின் இருக்கைமேல் விரித்து வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

சுடர்க்கொடி அதைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவுக்கு அப்பால் பன்னிரண்டு கிலோமீட்டர் வெறுமையாகக் கிடந்தது. அவள் எழுந்தாள்.

"ஓடி முடிச்சிட்டு வந்துடறேன், மாஸ்டர். நிக்க முடியல."

அவர் தலை நிமிரவில்லை.

"அவ குத்தம்னு நீ எழுதியிருக்கிறதும் அதைத்தான்."