ஒட்டிக்கொண்ட பேச்சு

எங்கள் பள்ளியில் யார் குரல் வேண்டுமானாலும் கேளுங்கள், அச்சு அசலாகப் பேசிக் காட்டுவேன். தாளாளர் செங்கோட்டுவேலு ஐயா குரலுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

எங்களுக்குத் தமிழ் எடுத்தவர் நாச்சியம்மாள் டீச்சர். கொல்லிமலையிலிருந்து வந்த முதல் ஆசிரியை என்று வாசலில் அவர் படத்தோடு ஃபிளக்ஸ் கூட வைத்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, பாடத்தின் நடுவே தாளாளர் உள்ளே வந்தார்.

“ஏனுங் டீச்சர், பாடம் நல்லாத்தான் நடத்தறீங்கோ. ஆனா உங்க மலைப் பேச்சு புள்ளைங்களுக்கு ஒட்டிக்குமுங். திங்கக்கிழமைக்குள்ள மாத்திக்கோங்கோ. இல்லீன்னா வேற பள்ளிக்கூடம் பாத்துக்கோங்கோ.”

பிறந்ததிலிருந்து பேசுகிற பேச்சை அதற்குள் எப்படி மாற்றுவது? டீச்சர் கோபப்படவே இல்லை.

“ஒட்டியிருக்கான்னு இப்பவே பாத்துடலாம் ஐயா. டேய் யூசுப், உனக்கு ஒட்டிக்கிட்ட பேச்சுல கொஞ்சம் பேசு.”

நான் எழுந்து தொண்டையைச் செருமினேன். “ஏனுங் கண்ணுகளா, சத்தம் போடாமக் கேளுங்கோ!”

வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது.

“பையனுக்கு ஒட்டினது உங்க பேச்சுதான் ஐயா. இப்ப யாரு வேற பள்ளிக்கூடம் பாக்கணும்?”

தாளாளர் விறுவிறுவென வெளியே போனார். டீச்சர் வேலை தப்பியது என்று நாங்கள் குதித்தோம்.

ஆனால் திங்கட்கிழமை டீச்சர், செய்தி வாசிப்பவர் போல அளந்து அளந்து பேசினார். அவர் வந்த பிறகுதான் வகுப்பில் வாய் திறந்தவள் மாதேஸ்வரி, அவரைப் போலவே கொல்லிமலைக்காரி. சந்தேகம் கேட்கக் கையைத் தூக்கியவள், டீச்சரின் புதுப் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, மெல்லக் கையை இறக்கிக்கொண்டாள்.