ஐஸ் மேல் இறங்கிய கல்

இதை நான் பார்க்கவில்லை. ஐஸ் வண்டி ஓட்டும் நண்பன் சொன்னது.

நுங்கம்பாக்கத்தில் புதிதாகத் திறந்த கிளப்பில் நவீனக் கலைக் காட்சி. ஆறு மணிக்கு உறுப்பினர்களுக்கு மட்டும் முன்காட்சி. நாலு மணிக்கு ஒரு டன் கருங்கல் சிற்பம் செயின் கப்பியில், அடியில் சுற்றிய இரண்டு நைலான் பட்டைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பீடத்தில் இறக்க வேண்டியவர் பாரம் தூக்கும் மேஸ்திரி எட்டியப்பன்.

“அடியில பட்டை இருக்கக் கூடாது. கட்டை வைக்கக் கூடாது. கடப்பாரை படவே கூடாது,” என்றார் கிளப் செயலாளர் சுந்தரவதனன். “ஒரு கீறல் விழுந்துது, இந்த ஊர்ல உனக்கு எவனும் வேலை தரமாட்டான்.” சொல்லிவிட்டுக் கோட் மாட்டிக்கொள்ளப் போனார்.

அப்படியே இறக்கினால் பட்டை கல்லுக்கடியில் மாட்டிக்கொள்ளும். எட்டியப்பன் தலையைச் சொறிந்தார். பிறகு காசிமேட்டுக்குப் போன் போட்டு, நண்பனின் வண்டியில் மீன் ஐஸ் நாலு துண்டு வரவழைத்தார். பீடத்தில் இடைவெளி விட்டு ஐஸை வைத்து, கல்லை அதன்மேல் இறக்கி, இடைவெளி வழியாகப் பட்டைகளை உருவினார். ஐஸ் உருகினால் கல் தானாக உட்காரும்.

அதற்குள் விருந்தினர் வந்துவிட்டார்கள்.

“இதென்ன சார் ஐஸ்?” என்று ஒரு அம்மாள் கேட்டார்.

செயலாளருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியும் பழக்கமில்லை. “அதுதான் மேடம் இந்தப் படைப்போட உயிரே! காலம் கரையறதைக் காட்டுது.”

“செதுக்கின எனக்கே தெரியலியே!” என்ற அம்மாள், எட்டியப்பனிடம் திரும்பினார். “அப்படியாங்க?”

“ஐயா சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். எட்டு மணிக்குக் காலம் கரைஞ்சிடும், கல்லு குந்திக்கும், நாங்க வூட்டுக்குப் போயிடுவோம்.”

கூடமே சிரித்தது. எட்டுக்கு முன்பே கல் உட்கார்ந்தது. ஒரு கீறல் இல்லை. எட்டியப்பன் பட்டைகளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

நண்பன் கூட்டிச் சொன்னானோ என்று காசிமேட்டு ஐஸ் கடையில் விசாரித்தேன். உண்மைதான். அடுத்த முன்காட்சிக்கும் கிளப்பிலிருந்து நாலு துண்டு ஐஸ் கேட்டிருக்கிறார்கள். இந்த முறை காட்சிக்கு வைப்பது வெறும் ஓவியங்கள்தான்; இறக்க ஒரு கல்லும் இல்லை.