மஞ்சள் இறங்கும் வரை

மடத்தில் மதியப் பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பியிருந்தார்கள். உமையாள் அம்மையார் அப்போதுதான் தன் தட்டோடு வந்து உட்கார்ந்தார். கொஞ்சம் சோறு, கீரை, ஒரு கரண்டி மோர்க்குழம்பு. பானையில் மிஞ்சியது அவ்வளவுதான்.

ஆவுடையம்மாள் எதிரே வந்து உட்கார்ந்தாள். அம்மையாரிடம் பல வருஷமாகப் பாடம் கேட்கிறவள். வயதில் அவள்தான் மூத்தவள். இருந்தாலும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். அவர் இவளை அக்கா என்பார்.

"பந்தியில ஆளைக் காணோமே அக்கா. என் சமையலுக்குப் பயந்துட்டீங்களா?"

"நாளைக்கு டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கணும்மா."

"நாளைக்குத்தானே?"

"முந்தாநாள்லருந்தே இருக்கேன். தண்ணி மட்டும்தான்."

மகள் செண்பகத்துக்குப் பிள்ளை பிறந்து மாதங்கள் ஆகிவிட்டன. ஆவுடையம்மாள் இன்னும் பேரனைக் கையில் வாங்கவில்லை. பிரசவத்தன்று ஆவுடையம்மாளின் கண் மஞ்சளித்திருந்ததை மருமகன் பார்த்துவிட்டார். பிறந்த பிள்ளைக்கும் மஞ்சள் கண்டு, நீல விளக்கின் கீழே வைத்திருந்து எடுத்தார்கள். அன்றிலிருந்து செண்பகத்துக்குப் பயம். 'ரத்தத்துல மஞ்சள் இறங்கி நார்மல்னு வரட்டும்மா, அப்புறம் வா' என்று சொல்லிவிட்டாள்.

"போன்ல பார்க்கேன். கொட்டாவி விடுதான். அவன் வாய்ல பால் வாசம் எப்படி இருக்கும்னு தெரியல. எத்தனை டெஸ்ட் எடுத்தாச்சு. மஞ்சள் அளவு ஒண்ணுக்குப் பக்கத்துல இருக்கணுமாம், எனக்கு மூணுக்குக் குறையவே மாட்டேங்கு. இவ்வளவு கும்பிட்டும் முருகன் ஏம்மா இரங்கல?"

"டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"ரத்தம் பழசாகி உடையும்போது மஞ்சளா ஒரு கழிவு வருமாம். பிலிருபின்னு பேரு. அதை ஈரல் வாங்கி வெளிய தள்ளணும். என் ஈரல்ல ஒரு கெடுதலும் இல்லையாம், இந்த ஒரு வேலைல மட்டும் கொஞ்சம் மெதுவாம். பிறவியிலேயே சிலருக்கு அப்படி. யாருக்கும் ஒட்டாதுன்னுட்டாரு."

"செண்பகத்துக்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். 'தெரியும்மா, மனசு கேக்கலை'ன்னா. அவளும் பெத்தவதானே."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"வெறும் வயித்துல கிடந்தா மஞ்சள் ஏறுமாம். பட்டினி கிடக்கீங்களான்னு கேட்டாரு. இல்லைன்னேன்."

சோற்றுக்குப் போன அம்மையாரின் கை நின்றது.

"இல்லைன்னா சொன்னீங்க?"

"ஆமா. நான் இருக்கது விரதம்லா. அதைப் போய்ப் பட்டினின்னு சொல்லலாமா?"

"எப்பெப்போ இருப்பீங்க?"

"ஒவ்வொரு டெஸ்டுக்கு முன்னாலயும். செண்பகத்துக்கு நல்லபடியாப் பிள்ளை பிறக்கணும்னு அன்னைக்கும் இருந்தேன்."

"மத்த நாள்ல கண்ணு எப்படி இருக்கும்?"

"வெள்ளையாத்தான்…"

வெளியே யாரோ அண்டாவைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. ஆவுடையம்மாள் கையிலிருந்த பழைய டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"நானேதானா," என்றாள்.

"நாளைக்குப் போகாதீங்க. நாலு நாள் வேளாவேளைக்குச் சாப்பிட்டுட்டுப் போங்க. விரதம் இருந்ததை டாக்டர்கிட்ட மறைக்காமச் சொல்லுங்க," என்றார் அம்மையார்.

"சஷ்டி வரைக்கும்னு வேண்டியிருக்கேன். பாதியில விட்டா பிள்ளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடும்மா."

"ஆகாது அக்கா."

"உங்களுக்குத் தெரியாது." "நான் அவனைக் குளிப்பாட்டல. தொட்டில் ஆட்டல. சங்குல ஒரு வாய் பால் புகட்டல. என் பேரனுக்குன்னு நான் செய்யுதது இந்தப் பசி ஒண்ணுதான். அதையும் விட்டுட்டா நான் அவனுக்கு யாரும்மா?"

அம்மையார் இன்னும் கை வைக்காத தன் தட்டை அவள் முன்னால் நகர்த்தினார்.

"விட வேண்டாம். சஷ்டி வரைக்கும் அந்தப் பசியை நான் வச்சுக்கிடுதேன். நீங்க சாப்பிடுங்க."