திரைச்சீலையில் திரித்த கயிறு

முன்னொரு காலத்தில், மழைக்கு நிற்கத் தெரியாமல் போன ஓர் ஐப்பசியில், கனகசேகரர் என்ற ராஜா ஒரு நாட்டை ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனிதர். கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும். அது வந்த வேகத்தில் போய்விடும் என்று தெரிந்தவர்கள் பயப்பட மாட்டார்கள். தெரியாதவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

அந்த ஐப்பசியில் பெரிய ஏரி கரை உடைந்து மூன்று ஊர்களை விழுங்கிவிட்டது. தப்பிப் பிழைத்த நானூறு பேர் மேட்டில் இருந்த யானைக் கொட்டாரத்தில் ஒதுங்கினார்கள். "யானைகளைத் தோப்பில் கட்டலாம், மனிதர்களைக் கட்ட முடியாது. கொட்டாரத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஒரு கஞ்சித்தொட்டியும் திறந்துவிடுங்கள், மகாராஜா" என்று யோசனை சொன்னவர் அரண்மனை விகடர் திருமேனி. பெயர்தான் திருமேனி. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் மேல்துண்டோடு சேர்ந்து அவரும் பறந்துவிடுவாரோ என்று தோன்றும். ராஜா அவரைச் சபையில் எல்லார் முன்னாலும் புகழ்ந்து, தன் விரல் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். பிரதானி வச்சிரவேலருக்கு அன்றைக்கே வயிறு எரிய ஆரம்பித்தது.

வச்சிரவேலர் அரண்மனை ஆசாரங்களுக்குப் பொறுப்பாளர். ராஜா படுக்கையிலிருந்து எந்தக் காலை முதலில் எடுத்து வைக்க வேண்டும் என்பதற்குக்கூட அவரிடம் விதி உண்டு. "அரசர் பேரால் எங்கே உலை ஏறினாலும் சுற்றித் திரை கட்ட வேண்டும், இல்லையேல் கண்ணேறு படும்" என்று சொல்லி, கொட்டாரத்து அடுப்பைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் காவித் திரை கட்ட வைத்தார். உள்ளே என்ன கொதிக்கிறது என்று வெளியே தெரியாது. ஒரு கை மட்டும் அகப்பையோடு திரைக்கு வெளியே நீளும். கஞ்சியை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடும். அந்தக் கைக்கு உடம்பு உண்டா என்றுகூட யாருக்கும் தெரியாது.

நான்கு நாள் எல்லாரும் குடித்தார்கள். ஐந்தாம் நாள் ஒருவரும் குடிக்கவில்லை.

ஆறாம் நாள் காலையில் திருமேனி மேடேறிப் போய்ப் பார்த்தார். கஞ்சி ஏடு படிந்து கிடந்தது. அடுப்பைத் தாண்டிச் செம்பாயி என்ற இளம்பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை அழுது அழுது தொண்டை கட்டி, சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, கஞ்சி குடிக்கலாமே? பிள்ளைக்குப் பால் வேண்டாமா?"

"வேணாம் சாமி" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "செத்தாலும் சேந்தே சாவுறோம்."

திருமேனி விறுவிறுவென்று மேட்டிலிருந்து இறங்கினார். நேரே சபைக்கு வந்தார்.

அங்கே வச்சிரவேலர் ராஜாவின் முன்னால் கைகட்டி நின்றிருந்தார். மனிதர் இளைத்து, கண் உள்ளே போயிருந்தது.

"பிரபு, சொல்லவே நா கூசுகிறது. உடைந்த கரை நிற்பதற்காகத் தாங்கள் நூற்றொரு நரபலி கொடுக்கப் போகிறீர்களாம். அதற்காகத்தான் கஞ்சியில் மயக்கப் பொடி கலக்கிறீர்களாம். குடித்தவர்கள் உறங்கியதும் தூக்கிப்போய்க் கரையில் புதைப்பார்களாம். ஊரெல்லாம் இதே பேச்சு."

"நானா! நரபலியா!" ராஜா சிம்மாசனத்தை விட்டுத் துள்ளி எழுந்தார். "கையில் ஊரும் எறும்பை ஊதித் தள்ளுகிறவன் நான்! வதந்தி பேசினால் நாக்கை அறுப்போம் என்று தண்டோரா போடச் சொன்னேனே, போடவில்லையா?"

"நேற்றே போட்டாயிற்று, பிரபு. உண்மையாக இல்லாவிட்டால் எதற்கு நாக்கை அறுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்."

ராஜாவின் முகம் சிவந்தது. "திருமேனி! கஞ்சித்தொட்டி உன் யோசனை. அந்த வதந்தியைப் பிடி. கட்டி இழுத்து வந்து நாளை மறுநாள் இந்தச் சபையில் என் முன்னால் நிறுத்து!"

"மகாராஜா, வதந்திக்குக் கையும் காலும்..."

"கட்டி இழுத்து வா என்றேன்!"

வச்சிரவேலர் ஓரடி முன்னால் வந்தார். "பிரபு, இவர் வாய்ச்சாலகர். ஏதாவது ஒரு காக்கையைப் பிடித்து வந்து இதுதான் வதந்தி என்று பேசியே சாதித்துவிடுவார். கொண்டுவந்து நிறுத்தும்வரை வாய் திறக்கலாகாது என்று உத்தரவிட வேண்டும். திறந்தால் கஞ்சித்தொட்டியை மூடிவிடலாம். குடிக்க ஆளில்லாத கஞ்சி எதற்கு? விகடரும் எல்லை தாண்டிப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்!"

எல்லை தாண்டுவது திருமேனிக்குப் பெரிய விஷயமில்லை. எந்த நாட்டிலும் சிரிக்க ஆள் இருப்பார்கள். ஆனால் தொட்டியை மூடிவிட்டால் அந்த நானூறு பேரும் எங்கே போவார்கள்? வாயே பிழைப்பாக இருந்த மனிதர், மேல்துண்டை எடுத்து அந்த வாயை இறுகக் கட்டிக்கொண்டு ராஜாவை வணங்கிவிட்டு வெளியே போனார்.

கொட்டாரத்து மக்கள் வாய் கட்டிய விகடரைப் பார்த்து முதலில் திகைத்தார்கள். அப்புறம் மெல்ல மெல்லப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஊரில் எல்லாருக்கும் பேச ஆசை, கேட்கத்தான் ஆள் இல்லை. இங்கே கேட்பதைத் தவிர வேறு வழியே இல்லாத ஒரு மனிதர் அகப்பட்டுவிட்டார்.

"இவருகிட்டச் சொன்னா என்ன? வாயைத்தான் கட்டிப் போட்டிருக்காங்களே, யாருகிட்டப் போய்ச் சொல்லப்போறாரு?" என்றார் ஓடக்காரர் முத்திருளர். சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கொட்டினார். விடியற்காலையில் ஓர் ஆள் கறுப்புப் பொடி மூட்டையோடு திரைக்குள் போனதை அவரே கண்ணால் பார்த்தாராம். கஞ்சி குடித்த அன்று இரவு எல்லாருக்கும் தூக்கம் வந்ததாம். இரவில் தூக்கம் வராமல் வேறென்ன வரும் என்று கேட்கத் திருமேனிக்கு வாய் ஊறியது. துண்டுக்குள்ளேயே விழுங்கிக்கொண்டார்.

பசி வந்தபோது வாயைத் திறக்காமல், அல்லித் தண்டு ஒன்றை உதட்டோரத்தில் செருகி அதே கஞ்சியை உறிஞ்சினார். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தன. பெரியவர்கள் சிரிக்கவில்லை. "அரமனை ஆளு. மாத்து மருந்து முன்னாலயே தின்னிருப்பாரு" என்றார் முத்திருளர்.

திருமேனி திரையைப் பார்த்தார். அந்தக் கையைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், ஒரே இழுப்பில் அதைக் கீழே சாய்த்தார்.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே பூதமும் இல்லை, பலிபீடமும் இல்லை. பூணூலும் வியர்வையுமாக அரண்மனை வைத்தியர், ஒரு கையில் அகப்பையோடு மறுகையால் ஓர் உரலில் இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு மூட்டை வாய் பிரிந்து கிடந்தது. வைத்தியர் மலங்க மலங்க விழித்தார். "வெள்ளத் தண்ணீர்ச் சுரம் வராமல் இருக்கச் சுக்கு, மிளகு, திப்பிலி போடுகிறேன். வேறென்ன?"

செம்பாயி குழந்தையோடு எழுந்து வந்தாள். பொடியை ஒரு சிட்டிகை எடுத்து மோந்து, நாக்கில் வைத்தாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவள் முகம் சுளித்தது.

"மிளகை வறுக்காம இடிச்சிருக்கீங்களே, ஐயா! இப்படிப் போட்டா பச்சை வாடை அடிக்காதா?"

"ஆமாம்டி, நானும் முதல் நாளே நெனைச்சேன்" என்றாள் இன்னொருத்தி. அதற்குப் பிறகு வைத்தியர் கையில் உலக்கை நிற்கவில்லை. ஒருத்தி அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள், ஒருத்தி அகப்பையைப் பிடுங்கினாள், ஒருத்தி வாணலி கேட்டாள். அன்று சாயங்காலம் நானூறு பேரும் தாங்களே காய்ச்சிய கஞ்சியைக் குடித்தார்கள். செம்பாயி இரண்டு கலயம் குடித்தாள். குழந்தைக்கு மறுநாள் சத்தம் திரும்பி வந்தது. அது போட்ட கூச்சலில் யாருக்கும் தூக்கமில்லை, யாரும் குறையும் சொல்லவில்லை.

பாதி வேலை ஆயிற்று. வதந்தியைக் கட்ட வேண்டிய பாதி மிச்சம் இருந்தது. திருமேனி கீழே கிடந்த திரையைப் பட்டை பட்டையாகக் கிழித்து நீளக் கயிறாகத் திரித்தார். செம்பாயியிடம் வந்து தன் காதைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினார்: யார் சொல்லிக் கேட்டாய்?

"எனக்கு முத்திருளர் அண்ணந்தான் சொன்னாரு. நானா ஒண்ணும் சொல்லல."

பிறகு கட்டிய வாயைத் தொட்டுக் கையை விரித்தார்: யாரிடம் சொன்னாய்? அவள் தலையைக் குனிந்து, பூ விற்கிறவளிடம் என்றாள். கயிற்றில் ஒரு முடிச்சு விழுந்தது. நாக்கை அறுப்போம் என்ற தண்டோராவும் இப்போது உதவிக்கு வந்தது. "நான் இல்லை, அவர்தான்" என்று ஒவ்வொருவரும் அடுத்த ஆளைக் காட்டினார்கள். காட்டிய இடத்துக்கெல்லாம் திருமேனி கயிற்றோடு போனார். சந்தைக்குப் போனார், செக்கடிக்குப் போனார், அரண்மனைப் பின்வாசலுக்கும் போனார்.

குறித்த நாளில் சபை கூடியது. வாசலில் சலசலப்பு. திருமேனி உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் காவிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முப்பத்தேழு பேர், சேற்றுக் காலோடு வரிசையாக வந்தார்கள். ஆளுக்கொரு முடிச்சு. வச்சிரவேலர் தரையைப் பார்த்து விதிர்விதிர்த்தார்.

"எங்கே வதந்தி?" என்றார் ராஜா.

திருமேனி வரிசையின் கடைசி ஆளை முன்னால் தள்ளினார். வந்தவர் வச்சிரவேலரின் நாவிதர். கயிற்று நுனியை வச்சிரவேலரிடம் நீட்டினார். "எசமான், நான் உங்ககிட்டத்தானே சொன்னேன். கன்னத்துல சவரம் பண்ணையில. பலிக்கு மொத ஆளு கடுக்கன் போட்ட பெரிய மனுசருன்னு கேள்விப்பட்டேன்னு சொன்னேனே. நீங்ககூட உடனே கடுக்கனைக் கழட்டிட்டீங்க."

சபையில் அத்தனை பேரும் வச்சிரவேலரின் வெறுங்காதைப் பார்த்தார்கள். ஆள் இளைத்த காரணமும் அப்போதுதான் விளங்கியது.

"கேட்டேன், பிரபுவிடம் வந்து சொன்னேன். அது என் கடமை" என்று அவர் தடுமாறினார்.

திருமேனி வரிசையின் முதல் ஆளை அழைத்தார். வந்தவர் வச்சிரவேலரின் பல்லக்குத் தூக்கி. அவரும் கயிற்றின் மறுநுனியை அதே மனிதரிடம் நீட்டினார். "நீங்கதானே எசமான், பல்லக்குல வரையில சொன்னீங்க? 'திரைக்குப் பின்னால என்னமோ பொடி போடுறாங்க, எதுக்கோ தெரியல, எனக்கென்னமோ மனசு சரியில்ல'ன்னு. நான் எங்க சித்தப்பாகிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"நான் சொன்னது அவ்வளவுதான்!" என்று வச்சிரவேலர் கத்தினார். "பலி என்று நான் சொல்லவே இல்லை!"

திருமேனி இரண்டு நுனிகளையும் அவருடைய இரண்டு கைகளில் வைத்து, நடுவே இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு ராஜாவைப் பார்த்துத் தன் வாய்க்கட்டைக் காட்டினார்.

"பேசு" என்றார் ராஜா.

"மகாராஜா, தாங்கள் சொன்னபடி கட்டி இழுத்து வந்திருக்கிறேன். இவர் பெற்றுத் தெருவில் விட்ட பிள்ளை முப்பத்தேழு வீட்டில் வளர்ந்து, அடையாளம் தெரியாத ஆளாகத் திரும்பி வந்து இவரையே பயமுறுத்தியிருக்கிறது."

"இந்தக் கயிறு..." ராஜா உற்றுப் பார்த்தார். "இது அரண்மனைத் திரை அல்லவா? யாரைக் கேட்டுக் கிழித்தாய்?"

"கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன், மகாராஜா. வாய் திறக்கலாகாது என்பது தங்கள் உத்தரவு."

ராஜாவின் மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை. "சரி, இப்போது கஞ்சி குடிக்கிறார்களா?"

வரிசையிலிருந்து செம்பாயி பதில் சொன்னாள். "நாங்கதான் காச்சுறோம், மகாராசா. உங்க ஆளுங்களுக்குப் பக்குவம் தெரியல. இன்னும் ரெண்டு படி மிளகு அனுப்புங்க."

அதற்கு மேல் ராஜாவால் அடக்க முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் கழுத்து முத்துமாலையைத் திருமேனிக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்."

"இரண்டு வேண்டும், மகாராஜா. இனித் தண்டோரா போடுகிறவன் போட்டுவிட்டு ஓடக் கூடாது. முரசைக் கீழே வைத்து உட்கார்ந்து, ஜனங்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு எழ வேண்டும். இன்னொன்று, இந்தத் திரைக் கயிறு எனக்கு வேண்டும். கொட்டாரத்துக் குழந்தைகளுக்குத் தூளி கட்டக் கயிறு இல்லை."

"தந்தேன். முடிச்சுகளை அவிழ்ப்பது பிரதானியின் வேலை. வச்சிரவேலரே, ஒவ்வொருவரிடமும் போய் 'நான் சொன்னது பொய்' என்று உம் வாயால் சொல்லும். அவர்கள் கையால் ஒரு கலயம் கஞ்சி வாங்கிக் குடியும். அப்புறம் அந்த முடிச்சை அவிழ்த்துவிடும். முப்பத்தேழும் அவிழ்ந்த பிறகு சபைக்கு வந்தால் போதும்."

அன்று மாலையே, பார்ப்பதற்கென்று ராஜாவும் மேடேறி வந்துவிட்டார். வச்சிரவேலர், கொட்டாரத்தில் விழுந்த முதல் முடிச்சுக்காகச் செம்பாயியின் முன்னால் நின்றார். அவள் இடுப்பில் குழந்தை வயிறு நிறைந்து உறங்கிக்கொண்டிருந்தது. "நான் சொன்னது பொய்" என்று அவர் முனகினார். அவள் கலயத்தை நீட்டினாள். அவர் வாங்கி வாய்வரை கொண்டுபோய், அப்படியே நிறுத்தி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏம்மா... பலி கிலி உண்மையிலேயே ஒன்றும் இல்லையே?"

"பயப்படாமக் குடிங்க, எசமான்" என்றாள் செம்பாயி. "தூக்கம் வந்தா நான் எழுப்பிவிடுறேன்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று கஞ்சி அண்டாவுக்குப் பக்கத்தில் விழுந்து உருண்டது. திருமேனி அதை எடுத்துத் துடைத்துக் கொடுத்துவிட்டு, வாய் கொள்ளுமட்டும் திறந்து, ஒரு கலயம் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார்.