கோமளம் அத்தைக்கு ஒரு தட்டு க்ரீம் பாஸ்தா

ஒரு ஊர்ல ஒரு அத்தை. பேரு கோமளம். கல்யாணம் கட்டிக்கல. ரெண்டு அண்ணன் குடும்பத்துக்கும் ஆக்கிப் போட்டே ஆயுசைக் கழிச்சாங்க. பெரிய அண்ணனுக்குக் கறிக்குழம்பு, சின்ன அண்ணனுக்கு நெத்திலி வறுவல். அத்தைக்கு? சட்டியில ஒட்டினது. ம் கொட்டுடி, தூங்கிட்டியா?

"ம்."

சின்ன அண்ணன் பொண்ணு வசுமதி. அவ ஒரு நாள் பாஸ்தா பண்ணினா. வெண்ணெய் சர்ருனு உருகிச்சு, பூண்டு சொய்ங்குனு வதங்கிச்சு, அப்புறம் பால், அப்புறம் க்ரீம், அப்புறம் சீஸ். தளக் தளக்குனு கொதிச்சுக் கெட்டியானதும் வெந்த குழாய் பாஸ்தாவைப் போட்டுப் புரட்டினா. அத்தை ஒரு வாய் சாப்பிட்டாங்க. எழுந்து போய் மோர்மிளகாய் வறுத்து, நொறுக்கித் தூவிக்கிட்டு, தட்டையே வழிச்சுட்டாங்க. "எனக்குன்னு ஒண்ணு பிடிச்சிருக்குடி"ன்னாங்க.

அப்புறம் அத்தை செத்துட்டாங்க.

"ஏன் சித்தி?"

வயசாயிருச்சு. கேளு. வருஷம் திரும்பினதும் படையல். செத்தவங்களுக்குப் பிடிச்சதைச் சமைச்சு வைக்கணும், காக்கா எடுத்த பிறகுதான் வீட்ல மத்தவங்க சாப்பிடணும். வசுமதியோட பெரியப்பா, அதான் அந்தப் பெரிய அண்ணன், என்ன வைக்கச் சொன்னார் தெரியுமா? கறிக்குழம்பு, நெத்திலி.

"அது உங்களுக்குப் பிடிச்சது பெரியப்பா. அத்தைக்குப் பிடிச்சது பாஸ்தா"ன்னா வசுமதி.

"படையல்ல பாஸ்தாவா? சம்பிரதாயம் இல்ல."

"செத்தவங்களுக்குப் பிடிச்சதை வைக்கிறதுதானே சம்பிரதாயம்?"

பதில் வராட்டி பெரியப்பாங்கல்லாம் என்ன பண்ணுவாங்க? பேப்பரை விரிச்சுக்குவாங்க.

வசுமதி அடுப்படிக்குப் போனா. அங்க பெரியம்மா, உதவி பண்றேன்னு, குழாய் பாஸ்தாவை வத்தல்னு நெனச்சு எண்ணெய்ல பொரிச்சுட்டு இருந்தாங்க. பொரியவே இல்ல. ஒண்ணைக் கடிச்சாங்க, கடக். பல்லு ஆடிப்போச்சு. அப்போ மிச்சம் இருந்தது பாதி பாக்கெட்டுதான்.

"ம்."

சரி, பாதியாவது ஆகட்டும்னு இவ க்ரீமை எடுத்தா. அப்போ பெரியப்பா மகன் செந்தூரன் வந்தான். ஆபீஸ் செலவுல இத்தாலி பார்த்துட்டு வந்தவன். "இதுல க்ரீம் ஊத்தினா அங்க அடிக்க வருவாங்க வசு. சம்பிரதாயமே இல்ல."

இங்கேயும் சம்பிரதாயம் இல்லையாம், அங்கேயும் இல்லையாம். பாவம்டி பாஸ்தா, அதுக்குப் போக ஒரு ஊரே இல்ல. வசுமதி அவன் முகத்தைப் பார்த்துக்கிட்டே இன்னொரு கரண்டி க்ரீம் ஊத்தினா.

ஆனா பெரியப்பா விடல. "என் இலைதான் மாடிக்குப் போகும்"னு கறிக்குழம்பு இலையை மட்டும் கைப்பிடிச் சுவர்ல வச்சார். கா, கா, கான்னு கூப்பிட்டார். காக்கா பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டி மேல உக்காந்துக்கிட்டு வேடிக்கை பார்த்துச்சு. வரல. மணி ரெண்டாச்சு. பெரியப்பா வயிறு கர்புர். மணி மூணாச்சு. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் தொண்டையும் கர்புர்.

"அந்தக் கண்றாவியையும் கொண்டாந்து வைடி"ன்னார்.

வசுமதி மோர்மிளகாய் தூவிக் கொண்டாந்து வச்சா. விர்ருனு இறங்கிச்சு காக்கா. கறியைத் தாண்டித் தத்தித் தத்திப் போய், குழாய்க்குள்ள மூக்கை விட்டுச்சு. மாட்டிக்கிச்சு. தலையை உதறிச்சு, லபக். அப்புறம் இன்னொண்ணு, லபக்.

"அது அத்தையா சித்தி?"

எனக்கென்னடி தெரியும். பெரியப்பா அப்படித்தான் நெனச்சார். வேற காக்கா ஒண்ணைக்கூட அது கூப்பிடல, பார்த்துக்கோ. அவருக்கு முகம் விழுந்துபோச்சு. "கோமளம் எங்களை விட்டுட்டுச் சாப்பிடவே மாட்டாளே."

"அது உசுரோட இருந்தப்போ பெரியப்பா."

பெரியப்பா விரிச்சுக்கலாம்னா, பேப்பரும் கையில இல்ல. பசியோட, வெயில்ல, தங்கச்சி சாப்பிட்டு முடிக்கட்டும்னு வாழ்க்கையில முதல் தடவையா காத்துக்கிட்டு நின்னார். அது அவசரமே படல.

"ம்..."

இலை காலி, கதையும் காலி. கண்ணை மூடுடி.