மான் மரகதம் வாங்கிய போன்

ஊமத்தங்காட்டுக் குளக்கரையில் மரகதம் என்ற பெண் புள்ளிமான் தன் குட்டி மொட்டுடன் மேய்ந்துகொண்டிருந்தது. மொட்டு பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. ஓடு என்றால் குதிக்கும், நில் என்றால் விழும். கால் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. அதே காட்டில் ஒரு சிறுத்தையும் இருந்தது.

ஆகவே மரகதம் தாண்டவராயன் என்ற சாம்பல் மந்தியைத்தான் மலைபோல நம்பியிருந்தது. மந்தி மர உச்சியில் உட்கார்ந்திருக்கும். சிறுத்தையின் வால் நுனி தெரிந்தால் போதும், காடே அதிரக் கத்தும். மான்கள் ஓடிப் பிழைக்கும். பல தலைமுறைகளாக இதுதான் ஏற்பாடு.

ஒருநாள் மந்தி மரத்தைவிட்டு இறங்கி வந்தது.

"இனிமே நான் கத்தறதா இல்லை! தொண்டை போயிடுது. சிறுத்தை வந்தா குரூப்ல போட்டுடுவேன். எல்லாரும் ஆளுக்கொரு போன் வாங்கிக்குங்க!"

"அண்ணே, பார்க்காம விட்டுட்டா என்ன பண்றது?" என்று மரகதம் பதறியது.

"போட்டாச்சுன்னா என் வேலை முடிஞ்சுது. பார்க்கறது உங்க பாடு!"

மரகதம் அன்றே மொட்டைக் கூட்டிக்கொண்டு நரி நல்லமுத்துவின் போன் கடைக்கு ஓடியது.

"வாங்கக்கா, வாங்க! என்ன மாதிரி பார்க்கறீங்க?"

"சிறுத்தை வர்ற சேதி வந்தா சத்தமா அடிக்கணும். என் குளம்புக்கு வேலை செய்யணும். அவ்வளவுதான் தம்பி."

நரி கீழ்த்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு தடித்த போனை எடுத்தது. பொத்தான்கள் ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு இருந்தன. ஒருமுறை அடித்துக் காட்டியது. கடை வாசலில் தூங்கிக்கொண்டிருந்த கீரி எழுந்து ஓடிப்போயிற்று!

மரகதத்துக்கு மனம் நிறைந்துவிட்டது. வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் நரி விட்டால்தானே!

"எடுக்கறதுன்னா எடுங்கக்கா. காட்டுப்பன்றிங்க எல்லாம் இதைத்தான் எடுக்குது" என்று சொல்லிவிட்டு, மேல்தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. "உங்க மந்தையில மத்த மானெல்லாம் அதை எடுத்திருக்கு."

"அதுல என்ன விசேஷம்?"

"நாலு கேமரா! நிலாவில இருக்கிற முயலைக்கூட மீசையோட எடுக்கும்!"

மரகதம் பிறந்ததிலிருந்து நிலாவை அண்ணாந்து பார்த்து வருகிறது. ஒருநாளும் அந்த முயலின் மீசை அதற்குத் தேவைப்பட்டதில்லை. அன்று என்னவோ உடனே வேண்டும்போல இருந்தது. குளம்பால் திரையைத் தட்டிப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை.

"குளம்புக்கு வேலை செய்யலையே தம்பி!"

"மூக்கால தொடுங்கக்கா! முகத்தைக் காட்டினா அதுவே திறந்துக்கும். கொஞ்சம் சிரிங்க... அடடா, என்ன களை! இந்த முகத்துக்குப் பன்றி போனா?"

போதாதா? இரண்டு கூடை நெல்லிக்காயைக் கடையில் இறக்கிவிட்டு மரகதம் நாலு கேமராவோடு வீடு திரும்பியது.

அதன்பிறகு அதற்கு மேயவே நேரமில்லை. மொட்டு நின்றால் ஒரு படம், விழுந்தால் இரண்டு படம். குளக்கரையில் முட்டையிட்டிருந்த ஆள்காட்டிக் குருவி எதையாவது கண்டு கத்தினால் மரகதத்துக்கு எரிச்சல் வந்தது.

"சும்மா இரேன்! வீடியோவில உன் சத்தம் விழுது. சிறுத்தை வந்தா என் போன் சொல்லும்!"

"எனக்குப் போன் இல்லையே. வாய்தான் இருக்கு!" என்றது குருவி.

மொட்டு தண்ணீர் குடிக்கும் படத்தை மரகதம் ஊரறியப் போட்டது. முதல் லைக் 'காட்டு நண்பன்' என்ற பெயரிலிருந்து வந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ இருந்தது.

'கொள்ளை அழகு! எந்தக் குளம்?' என்று கேட்டிருந்தது ரோஜாப்பூ.

மரகதத்துக்குத் தலைகால் புரியவில்லை. 'ஊமத்தங்குளம். தினமும் சாயங்காலம் வருவோம்!' என்று மூக்காலேயே பதில் எழுதியது.

மறுநாள் சாயங்காலம் நாணல் அசைந்தது. மந்தி மரத்திலிருந்து பார்த்தது. சொன்ன சொல் தவறாமல் குரூப்பில் போட்டது. மரகதத்தின் கழுத்தில் தொங்கிய போன் லேசாக நடுங்கியது. அன்று மட்டும் அறுபத்து மூன்று காலை வணக்கங்கள் வந்திருந்தன. இது அறுபத்து நாலாவது என்று நினைத்துக்கொண்டே மரகதம் முகத்தைக் காட்டியது. வாய் நிறையப் புல் இருந்தது. கன்னம் உப்பியிருந்தது.

'முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயலவும்' என்றது போன்.

மென்றுகொண்டே இன்னொரு முறை காட்டியது.

'முகம் பொருந்தவில்லை.'

அதற்குள் குருவி வானத்துக்கும் தரைக்குமாகப் பறந்து வீறிட்டது. மரகதம் திரும்பிப் பார்த்தது. நாணலுக்குள் இரண்டு மஞ்சள் கண்கள்! மொட்டு அந்தக் கண்களுக்கு நேராக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"மொட்டு!" என்று அலறி, குட்டியைத் தலையால் முட்டித் தள்ளியது. சிறுத்தை பாய்ந்தது. பாய்ந்த இடத்தில் கொஞ்சம் வால் முடிதான் அகப்பட்டது. தாயும் குட்டியும் முள்ளுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறின.

வெகுதூரம் ஓடி நின்றபின், மரகதம் மொட்டை நக்கி நக்கி அழுதது. அந்த அழுத முகத்தைத்தான் போன் சட்டென்று அடையாளம் கண்டு திறந்தது! அறுபத்து நாலாவதாக மந்தியின் எச்சரிக்கை இருந்தது. அதன் கீழே ரோஜாப்பூவிடமிருந்து ஒரு சேதி.

'இன்று வந்திருந்தேன். அவசரமாகக் கிளம்பிவிட்டீர்களே! நாளை எந்தக் குளம்?'

மரகதம் விடிந்ததும் குருவியிடம் போய்த் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டது. பிறகு நேராகக் கடைக்குப் போயிற்று.

"சரியான நேரத்துக்கு வந்தீங்கக்கா! அஞ்சு கேமரா வந்திருக்கு!" என்றது நரி.

"கீழ்த்தட்டுல இருக்கறதை எடு!"

"அது பன்றி போன் அக்கா..."

"பன்றிக் குட்டிங்க எல்லாம் உயிரோட இருக்கா இல்லையா? எடு!"

நரி அதை எடுத்துக் கொடுத்தது. மரகதம் மந்தியிடமும் கறாராகச் சொல்லிவிட்டது: "எனக்குக் குரூப் வேண்டாம் அண்ணே. சிறுத்தையைப் பார்த்தா ஒரு போன் அடி, போதும்!"

மந்தையே சிரித்தது. "கழுத்தில என்ன, செங்கல்லா?" என்று ஒரு மான் கேட்டது. மரகதம் தன்பாட்டுக்கு மேய்ந்தது.

நான்காம் நாள் நண்பகலில் அந்தச் செங்கல் காடே அதிர அலறியது. மரகதமும் மொட்டும் அந்த நொடியே பாய்ந்து ஓடின. புல்லை மென்றபடி போனுக்கு முகம் காட்டிக்கொண்டிருந்த மந்தை, சிரித்ததை எல்லாம் மறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் பின்னாலேயே விழுந்தடித்து ஓடிப் பிழைத்தது.

தனக்கு எது தேவை என்பதை மறந்து, அடுத்தவர் மெச்சுவதற்காக வாங்கும் பொருள், ஆபத்து வரும்போது கைகொடுக்காது.