இரவல் கால்

பாரிஸில் ஓர் உணவகத்தின் நிலவறையில் பரஞ்சோதி என்றொருவர் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். ஒருமுறை அவர் ஒரு தாச்சிச் சட்டியைத் தேய்த்த தேய்ப்பில், மேல்மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் முகமெல்லாம் அதன் அடியில் தெரிந்ததாம். பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அன்றிலிருந்து அவருக்குக் குரு என்று பேர்.

சீடர் ஒருவர்தான். குருவைவிட ஆறு வயது மூத்தவர். பெற்றோர் வைத்த பேர் வாமதேவன். ஆனால் அந்த நிலவறையில் எல்லாருக்கும் அவர் ஜெயசீலன். வதிவிட அட்டை இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர், மச்சான் ஜெயசீலனின் அட்டையைக் காட்டி வேலைக்குச் சேர்ந்தார். முதலாளிக்கு அது தெரியும், தெரியாத மாதிரித் தெரியும்.

ஒன்பது வருசம் வெங்காயம் உரித்தார். உரித்தபடியே சமையலும் கைவந்துவிட்டது. மேலே அடுப்புக்கு ஆள் தேவைப்படும்போதெல்லாம் சொந்த அட்டையோடு புதியவன் ஒருவன் வருவான். இவரிடம் பழகிக்கொண்டு மேலே ஏறுவான். உம்மை வேறு யார் எடுப்பான் என்பார் முதலாளி. அன்பாகத்தான்.

போன மாதம் சொந்தப் பேரில் அட்டை வந்தது. வாமதேவன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதே வெங்காய மூட்டைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். முப்பது நாள் உட்கார்ந்தார்.

முப்பத்தோராம் நாள் கேட்டார்.

"குரு, கதவு திறந்தாச்சு. கால் ஏன் எழும்புதில்லை?"

"எதிர்க்கடையில சமைக்க ஆள் தேடுகினம். போய்ப் பேரை மட்டும் சொல்லிப்போட்டு வாங்கோ, அண்ணை."

போனார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"என்ன பேர் சொன்னனீங்கள்?"

"ஜெயசீலன் எண்டு வந்திட்டுது."

குரு தேய்ப்பதை நிறுத்தவில்லை. வாமதேவன் மிச்சத்தையும் சொன்னார். அட்டையை வாங்கிப் பார்த்த எதிர்க்கடை முதலாளியம்மா, அந்த மதாம், அப்படியென்றால் இந்த வாமதேவன் யார் என்று கேட்டாராம். இவர் பதறிப்போய், அது என்னுடைய மச்சான் என்று சொல்லிவிட்டாராம். மதாம் சிரித்தாராம். நாளைக்குப் பதினொரு மணிக்கு வந்து ஒரு கோழி சமைத்துக் காட்டும், வரும்போது இரண்டு பேரில் யார் வருகிறதென்று முடிவு செய்துகொண்டு வாரும் என்றாராம்.

"நான் போகமாட்டன், குரு. வெங்காயம் எனக்குப் பழகிப்போச்சு."

குரு குழாயை மூடினார்.

"கால் இல்லாமல் ஒரு ஊருக்கு வந்து இறங்கின ஒருத்தன், மச்சான்ரை காலை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டானாம். நல்ல கால். வீட்டிலயிருந்து வேலைக்கு, வேலையிலயிருந்து வீட்டுக்கு. ஒன்பது வருசத்தில ஒரு சந்தியில கூடத் திரும்பேல்லை. பிறகு தபாலில அவன்ரை சொந்தக் கால் வந்துது. பெட்டியைப் பிரிச்சால், பச்சைப் பிள்ளையின்ரை கால் மாதிரிப் புதுசு. போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான். கால் வாசலில நிண்டு அவனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுதாம்."

"என்னெண்டு?"

"எங்க போக எண்டு."

வாமதேவன் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. இரவல் கால் அதை ஒருநாளும் கேட்கவில்லையா என்றார். அதற்கு ஒரே வழிதானே தெரியும் என்றார் குரு.

வாமதேவன் வெங்காயக் கத்தியைக் கையில் எடுத்தார்.

"அதுக்கு அந்த ஆள் என்ன மறுமொழி சொன்னான்?"

குரு தாச்சியைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் ஒண்டும் சொல்லேல்லை, வாமதேவன் அண்ணை. வெங்காயக் கத்தியோட நிக்கிறார்."